ஸ்டீம் பங்களாவில் சம்மட்டிச் சத்தம்

துப்பறியும் சக்கரபாணிக்கு வழக்கமாகப் பத்து மணிக்கு மேல்தான் கோபம் வரும். அன்றைக்கு எட்டு மணிக்கே வந்துவிட்டது.

விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஓர் எஞ்சினின் வயிற்றுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கால் மணி நேரமாக அவன் அந்தக் கால்களோடுதான் பேசிக்கொண்டிருந்தான். கால்களுக்குச் சொந்தக்காரர் விருத்தாசலம். இருபது வருஷமாகப் பாய்லர் ஃபிட்டர். நீராவி விஷயத்தில் இந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது என்று ஜங்ஷனில் கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். அவர் லேசில் வாயைத் திறக்கமாட்டார் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

“சார், காலுக்குக் காது கேக்காது,” என்றாள் பாஞ்சாலி. “தலை இருக்கிற பக்கமா போயி குந்திக்கினு கேளுங்க.”

பாஞ்சாலி அவனுடைய உதவியாள். நாற்பது வயது. பதினைந்து வருஷம் நாடகக் கம்பெனியில் ஹாஸ்ய வேஷம் கட்டியவள். கம்பெனி கலைந்த சமயத்தில்தான் சக்கரபாணி ரயில்வே போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டு ஜங்ஷனுக்கு எதிரே துப்பறியும் ஆபீஸ் திறந்தான். அன்றைக்கு வந்து சேர்ந்தவள். மேடையில் வளர்ந்த வாய் கீழே இறங்கிய பிறகும் அடங்கவில்லை.

சக்கரபாணி கோட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கரித்தூளில் குந்தினான்.

“அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஸ்டீம் போற கொழா, யாரும் தொடாம, சம்மட்டி அடிக்கிற மாதிரி தானா சத்தம் போடுமா போடாதா?”

“போடும்.”

சக்கரபாணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“கொழா ஜில்லுனு கெடக்கணும்,” என்றது எஞ்சினுக்கு அடியிலிருந்து வந்த குரல். “உள்ள கொஞ்சம் தண்ணி தேங்கி நிக்கணும். அதுல சூடா ஸ்டீமைத் திடுக்குனு தொறந்து வுட்டா, அந்தத் தண்ணியத் தூக்கினு போயி முட்டும். டங்கு டங்குனு ஊருக்கே கேக்கும். மெதுவா, நூலு நூலாத் தொறந்தா ஒண்ணும் இல்ல. அவசரப்பட்டாத்தான் அடிக்கும்.”

“எங்க கேஸ்ல நடந்தது அதேதான் அண்ணே!”

“இரு. பாய்லரை எப்ப மூட்டினான்?”

“காலையில அஞ்சு மணிக்கு.”

“சத்தம் எப்ப கேட்டுது?”

“மத்தியானம் மூணு மணிக்கு.”

ஒரு கால் கட்டைவிரல் இல்லை என்பது போல ஆடியது. “பத்து மணி நேரமா ஸ்டீம் ஓடிக்கினு இருக்கிற கொழா கொதிச்சிக் கெடக்கும். அதுல ஏது ஜில்லு, ஏது தண்ணி? சத்தம் வராது. உங்க ஆளு புளுவுறான்.”

வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது. கரியும் கோட்டுமாக எழுந்து நின்ற முதலாளியைப் பாஞ்சாலி மேலும் கீழும் பார்த்தாள். “எயிந்திரிங்க சார். ஒம்போது மணி பாசஞ்சர் போயிடும்.”

அவன் எரிச்சலுக்குக் காரணம் இருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர் சீனுவாசன். புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குக் கப்பலில் மல்லாட்டை அனுப்புகிறவர். நாலு வருஷத்துக்கு முன் ஒரு பனிக்காலத்தில் தாமே அங்கே போய்வந்தார். தங்கிய ஓட்டலில் அறைக்கு அறை மடிப்பு மடிப்பாக ஓர் இரும்புச் சட்டம், அதற்குள்ளே நீராவி. வெளியே பனி கொட்டியது, உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. மனுஷர் மயங்கிவிட்டார். நாலு சட்டங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, வெயிலுக்குப் பேர்போன திண்டிவனத்தில் தம் மாடி வீட்டில் மாட்டி, கொல்லையில் ஒரு பாய்லரும் வைத்தார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அவர் வீட்டில் மட்டும் துணிமணியும் சாம்பிள் மல்லாட்டையும் மொறமொறவென்று காய்ந்தபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வீட்டுக்கு ஸ்டீம் பங்களா என்று பேர் வைத்தது.

போன திங்கட்கிழமை முதலாளி புதுச்சேரிக்குப் போயிருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு மாடியில் டங், டங் என்று சம்மட்டி அடிக்கும் சத்தம். சமையல்கார அஞ்சம்மாள் மாடிக்கு ஓடினாள். வாட்ச்மேன் கொல்லைப்பக்கம் ஓடினான். மாடியில் மர அலமாரி திறந்து கிடந்தது. அதில் தொங்கிய பூட்டைக் காணோம். உள்ளே இருந்த காசுமாலையையும் காணோம். முதலாளியின் மனைவி கிருஷ்ணவேணி பிரமை பிடித்தவள் போலப் பக்கத்தில் நின்றிருந்தாள். பூஜை அறையில் இருந்ததாகவும், சத்தம் கேட்டு ஓடி வந்ததாகவும் சொன்னாள். கொல்லைவாசலில் ஸ்பானரும் கையுமாக நின்றவன், பாய்லர் எரிக்கும் மாரியப்பன்.

போலீசுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்பானரால் பூட்டை உடைத்தான், உடைந்த பூட்டை நெருப்பில் போட்டான், மாலையை எங்கோ புதைத்தான். அப்போதே அவனைப் பிடித்துப் போனார்கள், அன்றைக்குப் பாய்லரும் அணைந்தது. இன்றைக்கு மூன்று மணிக்குக் கோர்ட். மாரியப்பன் தரப்பில் புதிதாக ஏதாவது சொல்லாவிட்டால் அங்கிருந்து நேராகக் கடலூர் ஜெயில்.

முந்தாநாள் லாக்கப் கம்பிக்குப் பின்னால் நின்று மாரியப்பன் சொன்னது சக்கரபாணியின் காதிலேயே இருந்தது. “கொழா தானா அடிச்சிக்கிச்சி சாமி. ஒடைஞ்சி போயிடப் போவுதேன்னு, ஸ்டீம் திருகை மூடுங்க, திருகை மூடுங்கன்னு கத்திக்கினு ஓடியாந்தேன். வாசப்படியோட நின்னுட்டேன். எங்க ஆளுங்க அந்தப் படியைத் தாண்டக் கூடாதுங்க. நாலு வருசமா நான் வுடற ஸ்டீமு உள்ளார எங்க போவுது, இன்னா பண்ணுதுன்னுகூட எனக்குத் தெரியாது சாமி.”

வீட்டில் கேட்டால், நாலு வருஷத்தில் அந்தக் குழாய் ஒருநாளும் சத்தம் போட்டதே இல்லை என்று ஒரே பாட்டாகப் பாடினார்கள்.

இவ்வளவுக்கும் மேலே இருந்தது கிருஷ்ணவேணியின் கடிதம். அவள்தான் சக்கரபாணியை வரவழைத்தவள். புருஷனுக்குத் தெரியாமல், திருட்டுப் போன அன்று சாயங்காலமே எழுதியிருந்தாள். ‘மாரியப்பன் எடுத்திருக்க மாட்டான். அவனை விடுவித்தால் போதும். நகையைத் தேட வேண்டாம்.’ சக்கரபாணி அதைப் பத்துத் தடவை படித்துவிட்டான். நெல்லை அறுக்காதே, சோறு மட்டும் போடு என்பது போல இருந்தது. திருடனைப் பிடிக்காமல் திருட்டு வழக்கை எப்படி உடைப்பதாம்?

பாசஞ்சர் வண்டி அன்றைக்கென்று பேரணி ஸ்டேஷனில் படுத்துவிட்டது. எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டுமாம். மழைச் சாரலில் ஜன்னல் பலகையை இழுத்துவிட்டு, சக்கரபாணி கடிகாரத்தையே முறைத்தான்.

“நேத்து புதுச்சேரியில அந்த இஞ்சினீயரு இன்னாதான் சார் சொன்னாரு?” என்று கேட்டாள் பாஞ்சாலி. “அவருதான இந்தக் கொழாயெல்லாம் மாட்டினவரு?”

“அதை ஏன் கேக்கற! குழாய் சத்தம் போடுமான்னு கேட்டேன். அதுக்குப் பேரு எப்படி வந்துச்சின்னு ஒரு மணி நேரம் சொன்னாரு. நீராவி எஞ்சினைச் சீர் பண்ணின சீமைக்காரர் ஒருத்தர் தன் ஆபீஸ் ரூமுக்கே நீராவி வுட்டுப் பாத்தாராம். இங்கிலீஷ்ல அது ஸ்டீம் ஹீட்டிங். பிரெஞ்சுல ஷோஃபாஜ், அதாவது சூடேத்தறது. சூடேத்தறவன் ஷோஃபர்.”

“ஷோஃபருன்னா காரு ஓட்டறவரு இல்ல?”

“முதல்ல வந்த மோட்டார் வண்டியில சிலது நீராவியில ஓடுச்சாம். ஓட்டறவன் மொதல்ல அடுப்பு மூட்டணும். அடுப்பு போயிடுச்சி, பேரு மட்டும் நின்னுடுச்சி. இதைச் சொல்லிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போயிட்டாரு.”

பாஞ்சாலி கணக்காகத் தலையை ஆட்டினாள். “அப்போ நம்ம மாரியப்பனும் ஷோஃபருதான். காரு ஒண்ணுதான் இல்ல, பாவம்.”

வேறொரு நாளாக இருந்தால் சக்கரபாணி சிரித்திருப்பான். மூன்று நாளில் ஒரு ஃபிட்டரையும் ஓர் இஞ்சினீயரையும் பார்த்தாகிவிட்டது. ஒருத்தர் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இன்னொருத்தர் பதிலைச் சொல்லி மாரியப்பன் தலையில் மண்ணை வாரிப் போட்டுவிட்டார். வண்டி நகர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

ஸ்டீம் பங்களாவின் கொல்லைக் கேட்டருகே ஒரு பெண் மழையில் நின்றிருந்தாள். மாரியப்பனின் மனைவி செண்பகம். கையில் துணி மூடிய கேப்பைக்கூழ்ச் சட்டி. லாக்கப்பில் வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எஜமானியம்மா ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிக்கொள்வார்கள் என்று மூன்று நாளாக அதே இடத்தில் நிற்கிறாள். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை.

“சாமி, இன்னிக்கி வுட்டுருவாங்களா?”

சக்கரபாணிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. “பாக்கலாம்மா,” என்று முனகிவிட்டு உள்ளே போனான். அப்படி முனகியதற்காகத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

முதலாளி மண்டிக்குப் போயிருந்தார். அங்கிருந்தே சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போவாராம். கிருஷ்ணவேணி மாடிப்படியில் எதிரே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

“ஏதாவது வழி கெடச்சிதுங்களா?”

“கெடச்சிது. கெடச்ச வழி நேரா ஜெயிலுக்குப் போவுது,” என்றான் சக்கரபாணி. “நகையையும் தேட வேணாங்கறீங்க. சத்தத்தைப் பத்தியும் ஒருத்தரும் வாயைத் தொறக்கல. நான் என்னா பண்ணட்டும், மந்திரம் போடட்டுமா?”

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். சக்கரபாணி மாடியறைக்குள் போனான். பாஞ்சாலி சமையற்கட்டுப் பக்கம் நழுவினாள். வீட்டுக்குள் நுழைந்தால் அவள் கால் தானாக அடுப்பங்கரைக்குத்தான் போகும்.

அந்த அறையை அவன் இரண்டு தடவை சல்லடை போட்டுச் சலித்தாயிற்று. ஒரு பக்கம் அலமாரி. அதை ஒட்டினாற்போல் ஜன்னலுக்குக் கீழே இரும்புச் சட்டம், இடுப்பு உயரம். அதன் காலடியில் நீராவியைத் திறந்து மூட ஒரு பித்தளைத் திருகு. மேலே ஒரு தட்டு நிறைய மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. மாரியப்பனுக்குப் பதிலாக ரைஸ் மில்லிலிருந்து ஓர் ஆளைப் பிடித்து வந்து பாய்லரை எரித்தார்கள். பக்கத்தில் போனாலே உடம்பு வியர்த்தது. பத்து மணி நேரம் காய்ந்த குழாயில் சத்தம் வராது என்ற ஃபிட்டரின் குரல் மண்டைக்குள் டங் டங் என்று அடித்தது. சக்கரபாணி நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். பேசாமல் ரயில்வே போலீசிலேயே டிக்கெட் இல்லாதவனைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம்.

அரை மணி கழித்துப் பாஞ்சாலி வாய் நிறைய மல்லாட்டையை மென்றுகொண்டு வந்தாள்.

“நான் இங்க செத்துக்கினு இருக்கேன், நீ தீனி தின்னுக்கினு இருக்கியா?”

“தின்னாத்தான் சார் சேதி வரும். இந்த இரும்புக்கு இங்க பேரு இன்னா தெரியுமா? ஆர்மோனியம்! மடிப்பு மடிப்பா ஆர்மோனியப் பெட்டி மாதிரி இருக்குதுன்னு அஞ்சம்மாதான் பேரு வெச்சுதாம். முதலாளியே இப்ப அப்பிடித்தான் சொல்றாராம். உங்க இஞ்சினீயருகிட்ட சொல்லுங்க, எழுதி வெச்சிக்கட்டும்.”

“பாஞ்சாலி!”

“கோவிச்சிக்காதீங்க. நாலு ஆர்மோனியம் மேலயும் டெய்லி காலையில நாலு தட்டு சாம்பிள் மல்லாட்டை பரப்பிட்டு, சாயங்காலம் எடுக்கறது அஞ்சம்மா வேலை. மழையில வர்ற காய் நமுத்துப் போயிருக்கும். சாயங்காலம் எடுத்தா கையில ஒடச்சா பட்டுனு ஒடையும். ஒரு தட்டு காயலன்னாகூட முதலாளி வாயில வந்ததெல்லாம் பேசுவாராம்.” பாஞ்சாலி முந்தானையை இழுத்துச் செருகி, ஒரு கண்ணைச் சுருக்கி, அச்சு அசலாக அஞ்சம்மாள் குரலில் பேசினாள். “‘அன்னிக்கி நல்ல வேளை, திருட்டு ரகளையில மொதலாளி மல்லாட்டையப் பாக்கல பாஞ்சாலி. மாடித் தட்டு மட்டும் கொஞ்சங்கூடக் காயாம வெச்சது வெச்ச மாதிரி பச்சையா இருந்துச்சி. பாத்திருந்தா என் தோலை உரிச்சிருப்பாரு.’”

சக்கரபாணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “என்னிக்கி?”

“திங்கக்கெழம. மாடித் தட்டு. மத்த மூணும் மொறுமொறு.”

“இதை ஏன் அந்தம்மா போலீசுகிட்ட சொல்லல?”

“நானும் கேட்டேன். சத்தத்தைப் பத்திக் கேட்டாங்க, மல்லாட்டையப் பத்திக் கேக்கலியேன்னுச்சி.”

சக்கரபாணி அந்த இரும்புச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்றான். வீட்டில் மூன்று சட்டங்கள் அன்றைக்குக் காலையிலிருந்து கொதித்தன. இது ஒன்று மட்டும் சாயங்காலம் வரை மல்லாட்டையைக் காய வைக்கவில்லை. அப்படியானால் காலையிலேயே யாரோ இந்தத் திருகை மூடியிருக்கிறார்கள். பகல் முழுக்கச் சட்டம் ஜில்லென்று கிடந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. மூன்று மணிக்குத் திருகைத் திடுதிப்பென்று திறந்திருக்கிறார்கள். டங், டங்!

“மாரியப்பன் பொய் சொல்லல,” என்றான். “பூட்டை யாரும் உடைக்கவே இல்ல பாஞ்சாலி. இது அடிச்ச சத்தம்.”

“சரி சார். இதை எதுக்கு மூடணும்? புழுக்கமா?”

அதுதான் கேள்வி. கொதிக்கிற இரும்பை ஒருத்தன் எதற்காக ஆற வைப்பான்? அதைத் தொடுவதற்காக. அல்லது அதற்குப் பின்னால் இருப்பதைத் தொடுவதற்காக. சக்கரபாணி அவசரப்பட்டுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டான். அடுத்த கணம் அலறிக்கொண்டு விரல்களை வாயில் வைத்தான்.

“அதான் சொல்லிச்சே ஃபிட்டரு, அவசரப்பட்டா ஆவாதுன்னு,” என்றாள் பாஞ்சாலி. அவன் முறைத்த முறைப்பில் ஓடிப்போய்த் தண்ணீரும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் கொண்டுவந்தாள்.

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பின்பக்கச் சுவரைப் பார்த்தார்கள். நாலு வருஷச் சூட்டில் சுண்ணாம்பு பழுப்பேறிக் கிடந்தது. நடுவில் ஓர் ஆணி. ஆணிக்குக் கீழே பழுப்பேறாமல் ஒரு வெள்ளை அடையாளம். வளையம், தண்டு, இரண்டு பல். சாவி வடிவம்.

சீனுவாசன் கெட்டிக்காரர்தான். திண்டிவனத்தில் எந்தத் திருடன் கொதிக்கிற இரும்புக்குப் பின்னால் கையை விடுவான்? சாவி வேண்டும்போது தாமே திருகை மூடி, ஆறவிட்டு எடுத்து, அப்புறம் நிதானமாகத் திறந்திருக்கிறார். அதனால்தான் நாலு வருஷமாகச் சத்தமே இல்லை. திருட்டுக்குப் பிறகு சாவி ஆணியிலேயே இருந்திருக்கும். அதனால் பூட்டு உடைபட்டது என்று அவரும் நம்பிவிட்டார். சாவியை எடுத்து மடியில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அவர் திங்கட்கிழமை புதுச்சேரியில். அஞ்சம்மாள் தட்டைத் தவிர எதையும் தொடமாட்டாள், திருகைக் கண்டாலே அவளுக்குப் பயம். வாட்ச்மேன் மாடி ஏறுவதில்லை. மாரியப்பனுக்கு இப்படி ஓர் இரும்பு வீட்டுக்குள் இருப்பதே தெரியாது. முதலாளி திருகை மூடுவதையும் ஆறவிடுவதையும் நாலு வருஷமாக இதே அறையில் இருந்து பார்த்தவர் ஒருத்தர்தான் பாக்கி.

சக்கரபாணி திரும்பினான். கிருஷ்ணவேணி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியவில்லை.

“நகையைத் தேட வேணாம்னு எழுதினீங்க,” என்றான். “தேடாமலே கண்டுபிடிச்சிட்டேன்.”

அவள் அப்படியே கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வர்ற தையில புதுச்சேரியில அவருக்கு இன்னொரு கல்யாணம்,” என்றாள். “எனக்குக் கொழந்தை இல்லன்னு. செய்துக்கட்டும், நான் தடுக்கல. ஆனா எங்க அம்மா எனக்குப் போட்டனுப்பின காசுமாலையை அந்தப் பொண்ணு கழுத்துல போடறதுக்கு எடுத்து வெச்சாரு. அது மட்டும் எனக்குப் பொறுக்கலை. எடுத்துக்கினு, சாவியைப் பழையபடி மாட்டிட்டு, திருகைத் தொறந்தேன். பூட்டை அமுக்கிப் பூட்டறதுக்குள்ள அந்தச் சத்தம். எல்லாரும் ஓடி வர்றாங்க. பூட்டு கையில இருக்குது. மடியில செருகிக்கினேன்.”

“அப்புறம் மாரியப்பனைப் புடிச்சாங்க.”

“அவனைப் புடிப்பாங்கன்னு நான் கனவுலகூட நெனைக்கல. அதான் உங்களுக்குக் கடுதாசி எழுதினேன்.”

சக்கரபாணி கட்சிக்காரர்மேல் கத்தியவன் அல்ல. அன்றைக்குக் கத்தினான். “கடுதாசி எழுதின கைக்கு, வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியலியா? மூணு நாளு! கரியில குந்தினேன், புதுச்சேரி போனேன், கையைச் சுட்டுக்கினேன். அதை வுடுங்க. அவன் கம்பிக்குப் பின்னால கெடக்கறானே!”

“சொன்னா, திருடின பொம்பளைன்னு என்னை வெளிய தள்ளிட்டு, அதே மாலையை அவ கழுத்துல போடுவாருங்க.” “வேற ஏதாவது சொல்லி அவனை வெளிய எடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமா போவும்.”

மணி ஒன்றரை. சக்கரபாணியின் கையில் இருந்தது ஒரு தட்டு மல்லாட்டையும் சுவரில் ஒரு வெள்ளை அடையாளமும். கோர்ட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் பிரயோஜனம் இல்லாமல் நிற்பது, கண்டுபிடிக்காமல் நிற்பதைவிடக் கேவலமாக இருந்தது. அவன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தான். பாதியில் நின்றான்.

“யாரு போட்ட மாலைன்னு சொன்னீங்க?”

“எங்க அம்மா.”

“உங்க கல்யாணத்துல? உங்களுக்குன்னு?”

“ஆமாங்க.”

சக்கரபாணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “அட கடவுளே! அது சீதனம்மா. உங்க சொத்து. உங்க வீட்டுக்காரருக்கு அதுல எந்தப் பாத்தியதையும் கெடையாது. உங்க பொருளை நீங்க எடுத்து வெச்சிக்கினீங்க. அது எந்தச் சட்டத்துல திருட்டு? திருட்டே நடக்கல! மூணு நாளா நான் இல்லாத திருடனைத் தேடிக்கினு இருக்கேன்.”

கிருஷ்ணவேணி நிமிர்ந்து பார்த்தாள். தன்னைத் திருடி என்றே மூன்று நாளாக நினைத்திருந்த முகம் அது. அவன் சொன்னதை நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள்.

“ஆனா இதை நான் சொன்னா எடுபடாது. மாலையும் பூட்டும் கையில வெச்சிக்கினு நீங்க சொல்லணும். அவரு முன்னால.”

“அவரு முன்னாலயா?” அவள் தலையை ஆட்டினாள். “என்னால ஆவாது.”

பாஞ்சாலி வாயில் இருந்த மல்லாட்டையை விழுங்கினாள். முகத்தில் வேடிக்கை இல்லை. “அம்மா, நான் மேடையில ஆயிரம் பேரு முன்னால நின்னவ. மொத வார்த்தை சொல்ற வரைக்கும்தான் காலு நடுங்கும். அதுக்கு மேல தானா வரும். ஜல்தியா கெளம்புங்க. நீங்க வராட்டி, புருசன் பொஞ்சாதி சண்டைக்கு எவனோ ஒருத்தன் ஜெயிலுக்குப் போவான்.”

சக்கரபாணி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டான். பிறகு கிருஷ்ணவேணி எழுந்து பூஜை அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது.

கோர்ட் வராந்தாவில் சப்-இன்ஸ்பெக்டரோடு பேசிக்கொண்டிருந்த சீனுவாசன், ஜட்காவிலிருந்து மனைவி இறங்குவதைப் பார்த்துத் திகைத்தார். சப்-இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில் மாரியப்பன், கையில் விலங்கோடு தரையில் குந்தியிருந்தான். கிருஷ்ணவேணி மூட்டையை அவிழ்த்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். காசுமாலையும் பூட்டும் சேர்ந்து கிடந்தன.

“இது எங்க அம்மா எனக்குப் போட்டது,” என்றாள். முதல் வார்த்தை தடுமாறியது. அடுத்தது தடுமாறவில்லை. “நான்தான் எடுத்தேன். சாவி எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளு வீட்டுக்குள்ளயே வரலை. யாரும் எதையும் திருடலை.”

சீனுவாசன் கிட்டே வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார். “வீட்டுக்கு வா. அங்க பேசிக்கலாம்.”

“வீட்டுல பேச முடியாமத்தான் இங்க வந்தேன்.”

அவள் மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சீனுவாசன் இறங்கிப் போய்க் காரில் ஏறினார். கார் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

மாஜிஸ்டிரேட் முன்னால் எல்லாம் முடியக் கால் மணிகூட ஆகவில்லை. மூன்று நாள் அலைச்சலுக்குக் கால் மணி என்பதே சக்கரபாணிக்கு எரிச்சலாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. சுட்ட விரல்தான் எரிந்தது.

மாரியப்பன் வெளியே வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நடையில் தள்ளாட்டம் தெரிந்தது. மழையில் நடந்தே கோர்ட்டுக்கு வந்திருந்த செண்பகம் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். கிருஷ்ணவேணி இரண்டடி முன்னால் போனாள்.

“செண்பகம், நான்…” என்று ஆரம்பித்தாள்.

செண்பகம் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலத்தான் கேட்டாள்.

“மூணு நாளும் நீங்க மாடியிலதான் இருந்தீங்களாம்மா?”

“ஆமா.”

“நான் நிக்கறது மேலேர்ந்து தெரிஞ்சிதா?”

மழை வராந்தா ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

“தெரிஞ்சிது,” என்றாள் கிருஷ்ணவேணி.

செண்பகம் கூழ்ச் சட்டியை எடுத்தாள். புருஷனைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி மழையில் நடந்தாள்.